படிக்கப் போன பிள்ளையும் பாதிக் கூலியும்

"படித்துக்கொண்டே சம்பாதிக்கலாம்!" தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் எந்தக் கடைத்தெருவில் நடந்தாலும் இந்த மாதிரி விளம்பரம் ஒன்று கண்ணில் படாமல் போகாது. லண்டனா, டொராண்டோவா, மெல்போர்னா, பெர்லினா? எங்கே வேண்டுமானாலும் அனுப்பிவைக்கிறோம், பாஸ்போர்ட்டையும் பணத்தையும் கொண்டுவந்தால் போதும் என்கிறார்கள் ஏஜெண்டுகள். பிள்ளை படிக்கவும் செய்வான், வாரச் செலவைத் தானே பார்த்துக்கொள்ளவும் செய்வான், கடனையும் அடைத்துவிடுவான் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். கணக்கு காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது.

இது காசுள்ளவன் வீட்டு விவகாரம், மில்லில் மூன்றாவது ஷிப்டு பார்க்கிறவனுக்கும் வயலில் நாற்று நடுகிறவளுக்கும் இதில் என்ன வந்தது என்று கேட்கும் தோழர்கள் உண்டு. அந்தக் காலம் மலையேறிவிட்டது. சானடோரியம் ஏற்றுமதி மண்டலத்தில் தையல் மிஷின்மேல் குனிந்து முதுகு வளைந்த தாயும், மறைமலை நகரில் லேத்துப் பிடிக்கும் தகப்பனும், மதுராந்தகம் பக்கம் அரை ஏக்கர் வைத்திருக்கும் பாட்டனும் சேர்ந்துதான் இன்று ஒரு பிள்ளையை விமானம் ஏற்றுகிறார்கள். வெளிநாட்டுப் படிப்புக்கு ஏழரை லட்ச ரூபாய்க்கு மேல் கடன் கேட்டால் ஈடு கொண்டுவா என்பது சர்க்கார் பாங்குகளின் வழக்கம். ஈடு என்றால் என்ன? வீட்டுப் பத்திரம். இல்லாவிட்டால் நிலத்துப் பட்டா.

போன பிள்ளை என்ன செய்கிறான்? பகலில் வகுப்பு. இரவில் ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறான். கிடங்கில் பெட்டி தூக்குகிறான். விடிய விடியத் திறந்திருக்கும் கடையில் கல்லாவில் நிற்கிறான். வீட்டோடு பேசும்போது மட்டும் "பார்ட் டைம்" என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்கிறான். நாம் அதைக் கூலி வேலை என்போம். அதில் கேவலம் ஒன்றுமில்லை. கேவலம் வேறிடத்தில் இருக்கிறது: அந்த வேலையைச் செய்ய அவனுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் அனுமதியில் இருக்கிறது.

அந்த அனுமதி எப்படிப்பட்டது? பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவன் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணிக்குமேல் வேலை செய்யக்கூடாது. ஜெர்மனியில் வருஷத்துக்கு 140 முழு நாள். ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி. அமெரிக்காவில் பரிவர்த்தனைத் திட்டத்தில் போன மாணவனாக இருந்தால், அதாவது ஒரு கல்லூரிக்கும் இன்னொரு கல்லூரிக்கும் அல்லது இரண்டு சர்க்கார்களுக்கும் உள்ள ஏற்பாட்டின் பேரில் போனவனாக இருந்தால், அவனைக் கொண்டுபோன ஸ்தாபனத்தின் அதிகாரி எழுத்து மூலம் அனுமதிக்காமல் ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக்கூடாது. கல்லூரி நூலகத்தில் புத்தகம் அடுக்குவதற்கும் அதே விதிதான்.

மணிக்கணக்கு வைப்பது தப்பா? இல்லை. எட்டு மணி வேலை கேட்டு ரத்தம் சிந்திய வர்க்கம் நாம். வேலை நேரத்துக்கு வரம்பு வேண்டாம் என்று நாம் ஒருநாளும் சொல்ல மாட்டோம். ஆனால் நமது எட்டு மணிச் சட்டத்தை மீறினால் குற்றவாளி யார்? முதலாளி. மாணவனுடைய 20 மணிச் சட்டத்தை மீறினால் குற்றவாளி யார்? மாணவன்! விசா ரத்தாகி, மூட்டை கட்டிக்கொண்டு, அடமானத்தில் கிடக்கும் வீட்டுக்குத் திரும்பப் போகிறவன் அவன்தான். முதலாளிக்கு அபராதம், அதுவும் அகப்பட்டால். விஷயம் முழுவதும் இந்த ஒரு இடத்தில் அடங்கியிருக்கிறது.

ஏழு மணி முதல் பதினொரு மணி வரை

இதை ஊகமாகச் சொல்லவில்லை. 2015 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவில் செவன் இலெவன் என்ற கடைக் கம்பெனியின் சாயம் வெளுத்தது. அந்த நாடெங்கும் நூற்றுக்கணக்கான கிளைகள் உள்ள கம்பெனி அது. இரவு பகலாகக் கல்லாவில் நின்றவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டு மாணவர்கள். இந்தியப் பிள்ளைகள் ஏராளம். அப்போது அங்கே மாணவனுக்கு இரண்டு வாரத்துக்கு 40 மணி என்பது வரம்பு, அதாவது வாரம் 20. கடைக்காரன் என்ன செய்தான்? வாரம் 40 மணி வேலை வாங்கினான். கணக்குப் புத்தகத்தில் 20 மணி என்று எழுதினான். அந்த 20 மணிக்குச் சட்டப்படி முழுக் கூலி கொடுத்தான். புத்தகத்தைப் பார்க்கும் இன்ஸ்பெக்டருக்கு எல்லாம் ஒழுங்கு! மாணவன் கையில் விழுந்ததோ மணிக்குப் பாதிக் கூலி.

அவன் ஏன் வாயைத் திறக்கவில்லை? திறந்தால், "நீ 20 மணிக்குமேல் வேலை செய்தாய் என்று விசா ஆபீசுக்கு எழுதிப் போடுவேன்" என்று கடைக்காரன் மிரட்டினான். மாணவனைக் காப்பாற்ற என்று சொல்லிப் போட்ட விதி, அவன் கழுத்தில் மாட்டிய கயிறாகிக் கடைக்காரன் கைக்குப் போய்விட்டது. கம்பெனியின் வண்டவாளம் பத்திரிகையிலும் டெலிவிஷனிலும் வந்த பிறகும் சில கடைகளில் புதுப் பித்தலாட்டம் நடந்தது: முழுச் சம்பளத்தையும் பாங்கில் போடுவது, பிறகு பாதியை ரொக்கமாகத் திருப்பி வாங்கிக்கொள்வது. நம் ஊர்க் காண்டிராக்டர் இதைப் படித்தால், இந்த வித்தை எங்களுடையது அல்லவா என்பான்.

கடைசியில் 15 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கம்பெனி திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. சில தொழிலாளர்கள் துணிந்து பேசியதால் கிடைத்த பணம் அது. 2024 ஜூலையிலிருந்து அங்கே சட்டத்தையும் சற்று மாற்றியிருக்கிறார்கள். கூலி மோசடியைப் புகார் செய்யும் மாணவனுக்கு விசா விஷயத்தில் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. விசாவைக் காட்டித் தொழிலாளியை மிரட்டும் முதலாளிக்குத் தண்டனையும் உண்டு. ஒன்பது வருஷம் பிடித்தது.

இந்த வரம்புகள் படிப்பின்மேல் உள்ள அக்கறையால் வந்தவை என்று நம்புகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2020 ஏப்ரலில், கொரோனாவில் வேலையிழந்து தவித்த வெளிநாட்டு மாணவர்களைப் பார்த்து, சமாளிக்க முடியாதவர்கள் ஊருக்குப் போகலாம் என்றார் அந்நாட்டுப் பிரதம மந்திரி ஸ்காட் மாரிசன். 2022 ஜனவரியில் கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் ஆள் கிடைக்கவில்லை. உடனே என்ன ஆயிற்று? மாணவனுக்கு மணி வரம்பு நீக்கம்! சீக்கிரம் வந்து சேர்ந்தால் விசாக் கட்டணம் வாபஸ்! ஆள் தட்டுப்பாடு தீர்ந்ததும் 2023 ஜூலையில் வரம்பு திரும்ப வந்துவிட்டது. கனடாவிலும் அதே கதை. 2022 நவம்பரில் தொழிலாளர் பற்றாக்குறை என்று வெளிப்படையாகவே சொல்லி 20 மணி வரம்பைத் தூக்கினார்கள். 2024 ஏப்ரல் 30உடன் அந்தச் சலுகை முடிந்தது. அந்த நவம்பரிலிருந்து 24 மணி. படிப்பு கெடும் என்ற கவலை 2022இல் எங்கே போயிருந்தது? மதகை ஏற்றுவதும் இறக்குவதும் பயிருக்காக அல்ல, மேல்மடைக்காரன் தேவைக்காக என்பது தஞ்சாவூர் விவசாயத் தொழிலாளிக்கு விளக்க வேண்டிய விஷயமில்லை.

சாக்லெட் பெட்டி தூக்கிய கலாசாரம்

அமெரிக்காவின் கதை இன்னும் ருசியானது. அங்கே 1961இல் ஒரு சட்டம் வந்தது. பல தேசத்து ஜனங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவேண்டும், கல்வியும் கலாசாரமும் பரிமாறப்பட வேண்டும் என்பது அதன் பேச்சு. நல்ல காரியமும் அதனால் நடந்தது, மறுக்கவில்லை. நமது தாம்பரத்தில் 1937 முதல் இருந்துவரும் கிறிஸ்தவக் கல்லூரிக்கே அமெரிக்க மாணவர்கள் பரிவர்த்தனையாக வந்து ஒரு பருவம் படித்துப் போயிருக்கிறார்கள். வரட்டும், போகட்டும். ஆனால் அதே சட்டத்தின் நிழலில் வேறொரு கிளை முளைத்தது. கோடைகால வேலை மற்றும் பிரயாணத் திட்டம் என்று பெயர். பல நாட்டுக் கல்லூரி மாணவர்கள் நான்கு மாதம் வந்து, வேலை செய்து, ஊர் சுற்றிப் பார்த்து, அமெரிக்கக் கலாசாரத்தை அறிந்துபோக வேண்டுமாம். 2008இல் ஒன்றரை லட்சம் பேர் இப்படி வந்தார்கள்.

அவர்கள் அறிந்த கலாசாரம் என்ன? 2011 ஆகஸ்ட் 17 அன்று பென்சில்வேனியா மாகாணத்தில் பால்மைரா என்ற ஊரில் அது தெரிந்தது. ஹெர்ஷி சாக்லெட் கம்பெனியின் சரக்குகளைப் பெட்டியிலடைக்கும் கிடங்கு அங்கே இருக்கிறது. சீனா, துருக்கி, உக்ரெயின், நைஜீரியா என்று பல தேசத்து மாணவர்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். ஆயிரக்கணக்கான டாலர் கட்டி விசா வாங்கி வந்தவர்கள். வந்த இடத்தில் இராத்திரி ஷிப்டில் கனமான பெட்டிகளைத் தூக்கவேண்டும், கன்வேயர் ஓடும் வேகத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும். கூலியிலிருந்து வீட்டு வாடகை முதலிய பிடித்தங்கள் போக வாரத்துக்கு மிஞ்சியது சொற்பம். முறையிட்டவர்களுக்குக் கிடைத்த பதில்: பேசாமல் வேலை பார், இல்லாவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவோம்.

ஹெர்ஷியைக் கேட்டால், கிடங்கை நடத்துவது எக்செல் கம்பெனி என்றது. எக்செல்லுக்கு ஆள் கொடுத்தது இன்னொரு கம்பெனி. அந்தக் கம்பெனிக்கு மாணவர்களைக் கொண்டுவந்தது பரிவர்த்தனை ஸ்தாபனம். முதலாளி யார் என்று தெரியாதபடி நாலு சுவர். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் காண்டிராக்ட் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தச் சுவர்கள் புதிதல்ல.

அந்த மாணவர்கள் கேட்டது என்ன தெரியுமா? நாங்கள் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடு என்றார்கள். அதோடு நிற்கவில்லை. இந்த வேலைகளை இந்த ஊர்த் தொழிலாளிக்கே நியாயமான கூலியோடு கொடு என்றும் கேட்டார்கள்! வெளிநாட்டான் வந்து நம் வேலையைப் பறிக்கிறான் என்று கூச்சல் போடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் யார் சொல்ல முடியும்? உள்ளூர்த் தொழிற்சங்கத் தலைவர்கள் மாணவர்கள் பக்கம் வந்து நின்றார்கள், கைதும் ஆனார்கள். 2012இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களுக்கு 2 லட்சத்து 13 ஆயிரம் டாலர் பாக்கிக் கூலி கொடுக்க உத்தரவாயிற்று. அவர்களைக் கொண்டுவந்த ஸ்தாபனம் திட்டத்திலிருந்து விலக்கப்பட்டது. அந்த ஆண்டு மே மாதம் சர்க்கார் விதியைத் திருத்தி, இந்தத் திட்டத்து மாணவர்களைக் கிடங்கிலும் தொழிற்சாலையிலும் வைக்கக்கூடாது என்றது. ஓட்டலிலும் உல்லாசப் பூங்காவிலும் வைத்துக்கொள்ளத் தடையில்லை.

பரிவர்த்தனை மாணவன் நான்கு மாதத்தில் போய்விடுவான். பட்டம் படிக்கப் போகிறவன் கதை நீளமானது. நம் பிள்ளைகளில் அதிகம் பேர் இந்த வகை. பட்டம் முடிந்ததும் அமெரிக்காவில் 12 மாதம் "பயிற்சி" என்ற பெயரில் வேலை செய்யலாம். விஞ்ஞானம், எஞ்ஜினீயரிங் படித்தவனுக்கு இன்னும் 24 மாதம். முதல் 12 மாதத்தில் மொத்தம் 90 நாள் வேலையில்லாமல் இருந்தால் அனுமதி பறிபோகும். எண்ணிக்கொண்டே இருக்கும் 90 நாள்! அந்தப் பிள்ளை சம்பள உயர்வு கேட்பானா? சங்கம் சேர்வானா?

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. அமெரிக்காவில் முதியோர் ஓய்வூதியத்துக்கும் வைத்தியத்துக்கும் ஒவ்வொரு 100 டாலர் சம்பளத்துக்கும் தொழிலாளி 7 டாலர் 65 சென்ட் கட்டவேண்டும், முதலாளியும் அதே அளவு கட்டவேண்டும். வந்து ஐந்து வருஷம் ஆகாத வெளிநாட்டு மாணவனை வைத்துக்கொண்டால் இரண்டு பேரும் கட்ட வேண்டியதில்லை. மாணவனுக்குச் சலுகை என்பார்கள். கூர்ந்து பாருங்கள்: பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருக்கும் உள்ளூர்க்காரனைவிட இவன் முதலாளிக்குச் சட்டப்படியே மலிவு! இரண்டு தொழிலாளிகளுக்கும் நடுவே பகை மூட்ட இதைவிட என்ன வேண்டும்?

அனுமதிக்காக எதையும் கொடுக்கத் தயாராகிவிடுகிறவர்களுக்கு வலை விரிக்கச் சர்க்காரே முன்வந்ததும் உண்டு. மிச்சிகன் மாகாணத்தில் பார்மிங்டன் என்றொரு சர்வகலாசாலை. வகுப்பில்லை, வாத்தியார் இல்லை. சேர்ந்து பணம் கட்டினால் வேலை அனுமதிக்கு வழி பிறக்கும் என்று நம்பிச் சேர்ந்தார்கள். அதை நடத்தியது குடியேற்றப் போலீஸ்! 2019 ஜனவரியில் பிடிபட்ட 130 மாணவர்களில் 129 பேர் இந்தியர். வகுப்பில்லாத இடத்தில் சேர்ந்தது சரியென்று நாம் வாதாட வரவில்லை. ஆனால் பொய்ச் சர்வகலாசாலை வைத்துப் பணம் வாங்கிக்கொண்டு பிறகு பிடிப்பது எந்த ஊர் நியாயம்?

பெயர் மாறினால் கூலி மாறும்

மேலே சொன்ன 1961 என்ற வருஷத்தை நம் தோழர்கள் வேறொரு காரணத்துக்காகவும் ஞாபகம் வைத்திருப்பார்கள். இந்தியாவில் அப்ரண்டிஸ் சட்டம் வந்த வருஷம் அது. அதன் 18வது பிரிவு அப்ரண்டிஸைத் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுகிறவன் என்கிறது. தொழில் கற்றுக்கொடுப்பதற்கு வந்த சட்டம்தான். ஆனால் அந்தப் பெயரின் ருசியை மில் முதலாளிகள் கண்டுகொண்டார்கள். கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று சொல்லி, கிராமத்து இளம்பெண்களை மூன்று வருஷம் மில் விடுதியிலேயே அடைத்து வைத்து, கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று ஆசை காட்டினார்களே, அந்தப் பெண்களுக்கு என்ன பெயர் வைத்தார்கள்? அப்ரண்டிஸ்! வேலை தொழிலாளியின் வேலை. கூலி மட்டும் அப்ரண்டிஸ் கூலி.

அங்கே "மாணவன்", இங்கே "பயிற்சியாளன்". தொழிலாளி என்ற பெயரை எடுத்துவிட்டால் பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, சங்கம் இல்லை. மெல்போர்னில் கல்லாவில் நிற்கும் தாம்பரத்துப் பிள்ளைக்கும் திண்டுக்கல் மில்லில் நூல் முடியும் பெண்ணுக்கும் உள்ள உறவு இதுதான்.

வயல் வேலைக்கும் இந்தப் பெயர் போய்ச் சேர்ந்திருக்கிறது. நேபாளத்தில் விவசாயக் கல்லூரி மாணவர்களை "படி, சம்பாதி" என்ற திட்டத்தில் இஸ்ரேலுக்கு அனுப்பினார்கள். காசா எல்லைக்கு அருகே அலுமிம் என்ற கூட்டுப் பண்ணையில் 17 பேர் வேலைக்கு வைக்கப்பட்டார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்து சில வாரமே ஆகியிருந்த நிலையில், 2023 அக்டோபர் 7 அன்று நடந்த ஹமாஸ் தாக்குதலில் அவர்களில் 10 பேர் மாண்டார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகள். படிப்புக்கென்று போனவர்கள் எல்லைப் பண்ணையில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்ற கேள்விக்கு "பயிற்சி" என்பது போதுமான பதிலாகாது.

நம் சர்க்காரும் யோக்கியம் அல்ல. தாம்பரம், வண்டலூர், பொத்தேரி வட்டாரத்துக் கல்லூரிகளில் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் அண்டை நாடுகளிலிருந்தும் வந்து படிக்கிற மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இந்தியாவில் மாணவர் விசாவை வைத்துக்கொண்டு சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. 20 மணியும் இல்லை, 10 மணியும் இல்லை. ஊரிலிருந்து பணம் வருவது நின்றுபோனால் என்ன செய்வது? ஒளிந்து வேலை செய்தால் கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். நம் பிள்ளைக்கு அங்கே கேட்கிற நியாயத்தை அவர்களுக்கு இங்கே மறுக்க நமக்கு வாய் இருக்கிறதா? குரோம்பேட்டையில் அவர்களுக்கு வாடகைக்கு வீடு கேட்டு அலைந்தவர்களைக் கேட்டால், சர்க்கார் மட்டுமல்ல, நம் ஜனங்களும் கொஞ்சம் யோசிக்கவேண்டும் என்பது தெரியும்.

ஆகவே கேட்கவேண்டியவை உண்டு. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவன் 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். படிப்புக்கு என்று சொல்லி அனுப்புகிறவனை அந்தச் சட்டம் தொடவில்லை. போகிறவன் அங்கே வேலை செய்யப்போகிறான் என்பதையே விளம்பரமாகப் போட்டுப் பணம் வாங்குகிறவனுக்கு எதற்கு விலக்கு? அவனையும் பதிவுக்குள் கொண்டுவர வேண்டும். அவன் சொன்ன சம்பளத்தை எழுதிக் கொடுக்கச் செய்ய வேண்டும். நம் நாட்டுச் சர்க்கார் பிற நாடுகளோடு வர்த்தக ஒப்பந்தம் பேசும்போதெல்லாம் விசா எண்ணிக்கையைப் பற்றிப் பேசுகிறது. கூலி மோசடியைப் புகார் செய்யும் மாணவனை நாடு கடத்தக்கூடாது என்ற ஒரு வரியையும் சேர்த்துப் பேசட்டும்.

பிள்ளையை அனுப்பப் போகிற தாய் தகப்பன்மார் ஏஜெண்டிடம் கையெழுத்துப் போடுமுன் சில கேள்விகள் கேட்கவேண்டும். வேலைக்கு அனுமதி யார் கையில்: பிள்ளை கையிலா, கல்லூரி கையிலா, கொண்டுபோகிற ஸ்தாபனத்தின் கையிலா? முதலாளியை மாற்றலாமா? வேலையே கிடைக்காவிட்டால் மாதத் தவணை எங்கிருந்து வரும்? பிள்ளைக்கும் சொல்லி அனுப்புங்கள்: செய்த மணியைத் தன் கையால் தினமும் எழுதி வைக்கட்டும். சம்பளச் சீட்டைத் தூக்கிப் போடவேண்டாம். பாதிக் கூலி கொடுக்கிறவன் விசாவைக் காட்டி மிரட்டினால் தனியாகப் போய் அவனிடம் கெஞ்ச வேண்டாம். அந்த ஊரிலும் தொழிற்சங்கம் இருக்கிறது; விலாசத்தை இங்கிருந்து கிளம்பும்போதே எழுதிக்கொண்டு போகட்டும்.